நம் கல்லூரியிலிருந்து சட்டசபைக்குப் போனவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "தம்பி, இந்தத் தடவை நீ பேசணும். இருபது நிமிஷம். எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, ஆனா சிமெண்ட், கம்பின்னு ஆரம்பிச்சுடாதே" என்றார். சரி அண்ணே என்று சொல்லிவிட்டேன். அதனால் என் தொழிலைப் பற்றிப் பேசப் போவதில்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஒரு பாலம் வரும். அதை மட்டும் அண்ணன் மன்னித்துக்கொள்ள வேண்டும்.

நான் பேச வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி. உடனே முன்வரிசையில் ஒரு புன்னகை தெரிகிறது. "புதுக்கோட்டைக்காரன் வேறு யாரைப் பற்றிப் பேசுவான்" என்கிற புன்னகை. வாஸ்தவம்தான். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இந்த மேடையில் அவர் பெயரைச் சொல்கிறோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்கிறோம், அவ்வை இல்லம் என்கிறோம், பிரசவ உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் இருக்கிறது என்கிறோம். கை தட்டுகிறோம், சாப்பிடப் போகிறோம். அவர் மூன்றரை வருஷம் சட்டசபையில் இருந்தாரே, அங்கே என்ன செய்தார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்கள் வீட்டிலேயே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கல்லூரிக் கதை. தெரிந்த கதைதான், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1886இல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் நம் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். அந்தத் திருமணத்தால் தந்தையை அவருடைய சொந்தக்காரர்கள் தள்ளி வைத்தார்கள். பெண் மெட்ரிகுலேஷன் தேறி, கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டது. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. ஊரில் எதிர்ப்பு. எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்றார்கள் பெற்றோர்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா தலையிட்டு, சேர்த்துக்கொள்ளச் சொல்லி, உபகாரச் சம்பளமும் கொடுத்தார். மூடிய வண்டியில் வந்து, வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கலியாணம் செய்துகொண்டார். சமமாக நடத்த வேண்டும், என் இஷ்டத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்ட கலியாணம். (இதைக் கேட்டு என் மனைவி என்னைப் பார்க்கிறார். மேலே போவோம்.)

இனி சட்டசபை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு நாம் பார்க்கிற சட்டசபை மாதிரி நினைத்துக்கொண்டால் அவர் செய்தது பிடிபடாது.

அப்போது சென்னை மாகாணத்தில் நடந்தது இரட்டை ஆட்சி. 1919ஆம் வருஷத்துச் சட்டப்படி வந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மந்திரிகள் கையில். போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னர் கையில். சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். மற்றவர்கள் நியமனம், பதவி வழியாக வந்தவர்கள். ஓட்டு என்பதும் எல்லோருக்கும் கிடையாது. சொத்து, வரி இருந்தால்தான் ஓட்டு. பெண்களுக்கு 1921இலேயே சென்னை மாகாணம் ஓட்டுரிமை கொடுத்தது, அதிலும் சொத்து நிபந்தனை உண்டு. தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த வருஷத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா நின்று, கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

ஆக ஒரு பெண்ணும் ஜெயித்து உள்ளே வரவில்லை. இந்திய மாதர் சங்கத்தார் சிபாரிசு செய்து, முத்துலட்சுமி அம்மையாரை 1926 கடைசியில் நியமன உறுப்பினராகப் போட்டார்கள். நல்ல பிராக்டிஸ் இருந்த டாக்டர். லண்டன் போய் ஒரு வருஷம் மேல்பயிற்சி பெற்று அப்போதுதான் திரும்பியிருந்தார். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர். "பிரிட்டிஷ் இந்தியாவில்" என்று அடைமொழி போட்டுச் சொல்கிறேன், கவனியுங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் அதற்கு முன்பே சட்டசபையில் இருந்தார். நம்முடையவரைப் பெருமைப்படுத்த அடுத்தவர் கணக்கைக் குறைக்க வேண்டியதில்லை.

1927 ஜனவரியில் சபையின் துணைத் தலைவராக அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம். பெரிய மனது பண்ணி நாற்காலியைக் கொடுத்துவிட்டு, "அம்மா, நீங்கள் மேலே உட்கார்ந்து மணி அடியுங்கள், பேசுகிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நினைத்தார்களோ என்னவோ! அப்படி நினைத்திருந்தால் கணக்குத் தப்பிப் போயிற்று.

ஓட்டுக் கேட்காத அரசியல்வாதி அவர். கட்சி இல்லை. தொகுதி இல்லை. மந்திரி இல்லை. சர்க்கார் நியமித்த ஆள் என்று ஒரு பக்கத்தார் சந்தேகமாகப் பார்ப்பார்கள். சர்க்காரோ, சமூக வழக்கத்தில் கை வைத்தால் வம்பு என்று ஒதுங்கும். இப்படிப்பட்ட ஒருவர் கையில் இருந்த ஆயுதம் இரண்டுதான். ஒன்று தீர்மானம், இன்னொன்று தனிநபர் மசோதா. தீர்மானம் என்பது சிபாரிசு. நிறைவேறினாலும் சர்க்கார் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மசோதா நிறைவேறி, ஒப்புதல் கிடைத்தால் சட்டம்.

அவர் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரி வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்குப் பள்ளிச் சம்பள விலக்கு, முஸ்லிம் பெண்களுக்கு விடுதி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1928இல் கலியாண வயதை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மறு வருஷம் டெல்லியில் சாரதா சட்டம் வந்தது. ஹார்ட்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராகி நாடு முழுக்கச் சுற்றினார். 1930இல் 'சட்டசபை உறுப்பினராக என் அனுபவம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் புத்தகமே போட்டார். இவை எல்லாவற்றையும் விட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பொட்டுக் கட்டும் வழக்கம்.

சின்ன வயதுப் பெண்ணைச் சாமிக்குக் கட்டி வைப்பது. அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு கலியாணம் கிடையாது. கோயிலில் பாட வேண்டும், ஆட வேண்டும், தீபம் எடுக்க வேண்டும். வெளியே யாராவது பெரிய மனிதரின் ஆதரவில் இருக்க வேண்டும். சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணைத் தவறான தொழிலுக்கு ஒப்படைப்பது இந்திய தண்டனைச் சட்டம் 372, 373ஆம் பிரிவுகளில் குற்றம்தான். ஆனால் அந்த நோக்கத்தோடு செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். கோயிலில், மேளதாளத்தோடு, சாமி பெயரால் நடக்கிற சடங்கில் நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? பிரிவு ஏட்டில் கிடந்தது, பொட்டுக் கட்டு நடந்துகொண்டிருந்தது.

1927 நவம்பரில் அம்மையார் தீர்மானம் கொண்டுவந்தார். இந்த வழக்கத்தை நிறுத்தச் சட்டம் செய்யுங்கள், உங்களால் முடியாவிட்டால் மத்திய சர்க்காரைச் செய்யச் சொல்லுங்கள் என்று. தீர்மானம் நிறைவேறியது.

எதிர்த்தவர்களில் பெரிய பெயர் தீரர் சத்தியமூர்த்தி. இங்கேதான் நம் கல்லூரிக்குச் சங்கடம். ஏனென்றால் அவரும் நம்மவர். திருமயத்தில் 1887இல் பிறந்து, இதே கல்லூரியில் படித்தவர். அம்மையாரைவிட ஒரு வயது இளையவர். சென்னைச் சட்டசபையில் நம் கல்லூரியிலிருந்து போன இரண்டு பேர், எதிரெதிரே. வழிபாடு, கலை, மரபு இவற்றில் சட்டம் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த வாதத்தில் அவர் தவறினார் என்பது என் அபிப்பிராயம். அதற்காக அவரை வில்லனாக்கி மேடையில் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. அவர் சென்னை மேயராக இருந்தபோதுதான் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் வேலை முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943இலேயே போய்விட்டார். சென்னையில் குடியிருக்கிற நம்மவர்கள் எல்லோரும் அவர் தண்ணீரைக் குடித்திருக்கிறோம். ஒரு மனிதர் ஒரு விஷயத்தில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் இருக்கலாம் இல்லையா?

இந்த விவாதத்தில் அம்மையார் சத்தியமூர்த்தியின் வாயை ஒரே வாக்கியத்தில் அடைத்தார் என்று ஒரு கதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். உங்களுக்கும் தெரியும். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நாம் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கை தட்டிவிட்டு, அவர் அடுத்த வருஷம் உட்கார்ந்து எழுதிய மசோதாவை மறந்துவிடுகிறோம்.

அந்த மசோதாதான் நான் சொல்ல வந்த சங்கதி.

பொட்டுக் கட்டை ஒழிக்க வேண்டும் என்றால் நாம் என்ன செய்வோம்? "இன்று முதல் தடை, மீறினால் ஜெயில்" என்று எழுதுவோம். அவர் 1928இல் கொண்டுவந்தது அது இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்புதான் இந்து சமய அறநிலையச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிலத்தைப் பற்றிய திருத்தம்.

விஷயம் இதுதான். கோயில் ஊழியம் செய்கிற பெண்களுக்குப் பல ஊர்களில் இனாம் நிலம் உண்டு. ஊழியம் செய்கிற வரைக்கும்தான் நிலம். நீ நின்றுவிட்டால், உன் இடத்தில் உன் மகள் வர வேண்டும். மகள் வராவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும். அதாவது, ஒரு தாய் தன் பெண்ணுக்குப் பொட்டுக் கட்ட மாட்டேன் என்று சொன்னால் அன்றைக்கே அந்த வீட்டில் அடுப்பு அணையும். பக்தி, சாஸ்திரம், கலை எல்லாம் பேசுகிறோமே, அதற்கெல்லாம் அடியில் இந்தக் கட்டு இருந்தது. வயிற்றைக் கட்டிய கட்டு.

திருத்தம் அதை அவிழ்த்தது. ஊழியத்துக்கென்று கொடுத்த நிலத்தின் மேல் ஒரு தீர்வையை விதித்து, ஊழிய நிபந்தனையிலிருந்து நிலத்தை விடுவித்துவிடு. அனுபவித்து வருகிற பெண் அதைத் தொடர்ந்து அனுபவிக்கட்டும். கோயிலில் இனி ஊழியம் செய்ய வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. இவ்வளவுதான். 1929ஆம் வருஷத்து 5ஆவது சட்டமாக அது நிறைவேறியது. அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. படித்தால் தூக்கம் வரும். அவ்வளவு வறட்சியான பாஷை.

இப்போது அந்தப் பாலம். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற ரோட்டில் ஒரு பழைய பாலத்தை இடிக்க வேண்டும் என்றால், முதல் நாள் கடப்பாரையை எடுக்க மாட்டோம். பக்கத்தில் வாய்க்காலுக்குள் குழாய் போட்டு, மண் கொட்டி, மாற்றுப் பாதை போடுவோம். பஸ் அதில் போய் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் பாலத்தில் கை வைப்போம். மாற்றுப் பாதைக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை, கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் அது இல்லாமல் இடித்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். 44-ஏ பிரிவை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தடையை அப்புறம் கேட்டார். முதலில் சோற்றுக்கு வழி பண்ணினார்.

குறையும் உண்டு, சொல்லிவிட வேண்டும். நிலம் இருந்தவர்களுக்குத்தான் இந்தப் பிரிவால் பலன். நிலம் இல்லாமல், கோயிலில் படி அளந்ததை மட்டும் வாங்கி வாழ்ந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? இன்னொன்று, சென்னைச் சட்டசபையின் சட்டம் நம் புதுக்கோட்டையில் செல்லாது. இது தனி சமஸ்தானம், 1948 வரைக்கும். தன் பிறந்த மண்ணுக்குச் செல்லாத சட்டத்தைத்தான் அவர் அங்கே போராடிக் கொண்டுவந்தார்.

இது எல்லாம் இன்ஜினியருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அம்மா வழிச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பாட்டி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2016இல் காலமானார். காரியம் எல்லாம் முடிந்து, அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சர்வீஸ் புத்தகம், இரண்டு பட்டுப் புடவை, ஒரு ஜோடி பழைய சதங்கை. அதற்கு அடியில் ஒரு மஞ்சள் துணியில் சுற்றிய காகிதம். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஓர் உத்தரவு, 1933ஆம் வருஷத் தேதி போட்டது. இன்ன சர்வே எண்ணில் உள்ள நஞ்சை ஐந்து மா, கோயில் ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்படுகிறது, இவ்வளவு தீர்வை என்று. கீழே பிரிவின் எண் 44-ஏ. நிலத்துக்காரர் பெயர், பாட்டியின் அம்மா. என் கொள்ளுப்பாட்டி.

அந்த ஐந்து மா நிலம் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாட்டி ட்ரெயினிங் படித்தது அந்த நெல்லில்தான். மாமாவைப் படிக்க வைக்க மூன்று மா போயிற்று. இந்தக் கல்லூரியில் நான் இயற்பியல் முடித்து, பிறகு பி.இ. சேர்ந்தபோது ஃபீஸ் கட்டக் கடைசி இரண்டு மாவை விற்றார்கள். ஆனால் அது எப்படி வந்த நிலம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்டதுமில்லை. "பாட்டன் சொத்து" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டன் சொத்து இல்லை, பாட்டி சொத்து.

கொள்ளுப்பாட்டிக்குச் சின்னப் பெண்ணாக இருக்கும்போது பொட்டுக் கட்டிவிட்டார்கள். அவர் மகளுக்கு, அதாவது என் பாட்டிக்கு, கட்டவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பினார். நடுவில் இருப்பது இந்த ஒரு காகிதம்.

இதை மேடையில் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லு. இதுல நமக்கு என்ன வெக்கம்? ஆனா சொல்றதா இருந்தா எங்க அம்மாச்சி கோவப்பட்டதையும் சேத்துச் சொல்லு. பாதி மட்டும் சொல்லாதே" என்றார். அதனால் மீதியையும் சொல்கிறேன்.

1930 ஜனவரியில் அம்மையார் நேரடித் தடை மசோதாவையே சபையில் கொண்டுவந்தார். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கும் மசோதா. கருத்துக் கேட்க அதைச் சுற்றுக்கு விட்டார்கள். அந்தச் சமயத்தில் உப்புச் சத்தியாகிரகம் ஆரம்பித்தது. மே 5ஆம் தேதி காந்தி கைதானார். அம்மையார் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். துணைத் தலைவர் பதவி, சபையில் இடம், கையில் பாதியில் நிற்கிற மசோதா, எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே வந்தார். அது சரியா? எனக்கு இன்றைக்கும் முடிவுக்கு வர முடியவில்லை. இன்னும் ஆறு மாதம் பொறுத்து மசோதாவை முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று ஒரு நேரம் தோன்றும். தேசமே ஜெயிலுக்குப் போகும்போது, சர்க்கார் நியமனத்தில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று இன்னொரு நேரம் தோன்றும். அவர் போனதும் மசோதாவைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை. அது கிடப்பில் விழுந்தது.

அந்த வருஷமே, இந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக்கு அடைக்கலம் கேட்டு வந்தார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படி. புற்றுநோய் மருத்துவமனை இன்னும் பிந்தி, 1954இல், பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது. அதற்குப் பின்னால் 1923இல் புற்றுநோயில் இறந்த தங்கையின் நினைவு இருந்தது. அவை தனிக் கதைகள்.

1937இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. 1939இல் போயிற்று. தடைச் சட்டம் வரவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1947இல், ஓமந்தூரார் மந்திரிசபையில்தான் சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தீர்மானம் வந்து இருபது வருஷம் கழித்து. 1927இல் முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயன் இந்த 1947 மந்திரிசபையிலும் இருந்தார். ஆட்கள் கூட அவ்வளவாக மாறவில்லை, பாருங்கள். சட்டம் வர இருபது வருஷம் ஆயிற்று.

அந்தச் சட்டம் பொட்டுக் கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. ஏற்கெனவே பொட்டுக் கட்டியவர்கள் கோயிலிலோ சாமி ஊர்வலத்திலோ ஆடுவதையும் தடை செய்தது. எங்கள் கொள்ளுப்பாட்டி விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

அவர் நல்ல ஆட்டக்காரராம். நிலத்துக்கு ஊழியம் வேண்டாம் என்று உத்தரவு வந்த பிறகும், திருவிழாவுக்குத் தானாகவே போய் ஆடிக்கொண்டிருந்தாராம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவருக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டியபோது சட்டம் வந்தது. "இனிமேல் வரக் கூடாது" என்று கோயில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனானாம். அதே ஆட்டத்தை 1935இலேயே அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையில் ஆடியாகிவிட்டது. சபாக்களில் டிக்கெட் போட்டு ஆடினார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா பேரை யாராவது எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். "நெலத்தக் குடுத்தாங்க, சதங்கைய வாங்கிக்கிட்டாங்க" என்று ஒரே பேச்சு. 1974இல் சாகிற வரைக்கும் அதேதான் என்கிறார் அம்மா. அவர் மட்டுமில்லை. 1927இலேயே பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்கள், எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். அந்தக் குரலை யாரும் காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மையாரும் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் டாக்டர். நோயாளிகளைப் பார்த்தவர். தன் தாய் வழியில் நடந்ததைப் பார்த்தவர். நோயைப் பார்த்த கண்ணுக்குக் கலை தெரியாமல் போயிருக்கலாம்.

நாகரத்தினம்மாளின் மனுவை அன்றைக்கே கவனித்திருந்தால், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பொட்டுக் கட்டை மட்டும் தடுக்க ஒரு வாசகம் எழுதியிருக்க முடியாதா? 44-ஏ எழுதத் தெரிந்தவருக்கு அதுவும் எழுதத் தெரிந்திருக்கும். ஆனால் 1947இல் அவர் சபையில் இல்லை. சபைக்குள் இருந்து எழுதியது ஒன்று, வெளியே இருந்து கேட்டு வாங்கியது இன்னொன்று.

பாட்டி ஏன் அந்தக் காகிதத்தையும் சதங்கையையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "வேற எங்க வைக்கிறது? வீட்ல இருந்ததே ஒரு பெட்டி" என்றார் அம்மா.

அந்த உத்தரவின் ஜெராக்ஸ் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் மறைத்திருக்கிறேன், மற்றபடி அப்படியே இருக்கிறது. பதிவுப் புத்தகம் வைத்திருக்கிற மேஜையில் அது இருக்கும். சாப்பாட்டுக்குப் போகிற வழிதான். எழுத்து மங்கல், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பிரிவு எண் கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது.